என் பசையில் ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்

போன மாதம் புதுச்சேரிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. பழைய ஆட்டப் புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிபார்க்கிறார்களாம். எந்த விதி எந்த விதியோடு இடிக்கிறது, எது பாதியில் நிற்கிறது என்று அது ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுமாம்.

"ஐயா, 'முற்றுகையில் ஏழு நாள்'னு ஒரு சப்ளிமெண்ட் இருக்குது. இருபத்தோராம் பக்கத்துல, கோட்டைக்குள்ள இருக்கிறவங்கள்ல ஒருத்தர் எதிரியோட ஆளுன்னு வருது. அந்த ஆளு யாருன்னு முடிவு பண்ண விதியே இல்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஆனா தாள்ல உங்க கையெழுத்து இருக்குது. புத்தகம் திறந்த தரம்ங்கற எடத்துல சைபர்னு போட்டிருக்கீங்க. இது எப்படிங்கய்யா பாஸாச்சு?"

போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்றேன். அப்படியே எங்கள் இதழில் போட்டுக்கொள்கிறோம், வேலைக்கு வந்த கதையிலிருந்து எழுதுங்கள் என்றது அந்தப் பிள்ளை. எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதுகிறேன். முடிவில் பதில் கிடைக்குமா என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போட்ட எனக்கே இன்றுவரை அது விளங்கவில்லை.

என் பேர் ஏழுமலை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. வல்லம் பக்கம் நைனாவுக்கு மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான். மண்வெட்டி எனக்கு ஒத்து வரவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டிக் கடையில் பசை தடவப் போனேன். இருபது வருஷம் தடவினேன். மைதாவை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் எத்தனை சிட்டிகை போட வேண்டும் என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியும். நான் ஒட்டின பெட்டி பிரிந்து வந்தது என்று ஒருத்தரும் திருப்பிக் கொடுத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் பின்னால் வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று பேசியே ஆடுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுவார்கள். எதற்கு எத்தனை விழ வேண்டும் என்பதை விதிப் புத்தகம் சொல்லும். அதற்கு மேல் தனியாக வரும் கூடுதல் விதிகளுக்குத்தான் சப்ளிமெண்ட் என்று பேர். இவை அச்சுக்குப் போகும் முன் ஆடிப்பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. பன்னிரண்டு வருஷம் பார்த்தேன். படித்தவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். நின்றது நான்.

அந்த வேலைக்கு வந்ததும் பசையால்தான். கம்பெனிக்கு ஆட்டப் பெட்டி மாதிரி கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். உள்ளே டிகிரி படித்த நாலு பேர் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைச் சுவரில் ஏறுகிறவன் விழாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டுமா, விழுந்தபின் உருட்ட வேண்டுமா என்று.

நான் சும்மா இராமல், "யாராவது ஒருத்தர் ஒரு தபா சத்தமா படிங்க. நான் சொல்றேன்" என்றேன்.

நாலு பேரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிரிக்கவில்லை. "படிங்க" என்றார். படித்தார்கள். முழுப் பக்கத்தையும் நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். "இங்க அவன் விழுந்துட்டான்னு வருது. அதுக்கு அடுத்தாப்ல விழுந்தால்னு வருது. அவன் விழுந்தானா இல்லையா, அத முதல்ல சொல்லுங்க."

அந்த அம்மாள் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார். அவர்தான் வசந்தா மேடம். பரிசோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலை. அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு மாதம் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் மற்றவர்கள் ஆடும் மேசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் படிப்பு அவ்வளவுதான். பிறகு செஞ்சியில் உரக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து எனக்கென்று ஒரு மேசை கொடுத்தார்கள்.

மேடத்தின் முறையை எழுத வேண்டும். இப்போதைய பிள்ளைகள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். புத்தகம் எழுதியவர் மேசைப் பக்கமே வரக்கூடாது. புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஒரு தரம் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்ததும் மூடி, சணலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு மேசை நடுவில் வைத்துவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது விதி மறந்தால் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கலாம். தடையில்லை. ஆனால் ஒவ்வொரு அவிழ்ப்புக்கும் தாளில் ஒரு சிவப்புக் கோடு. பத்துக் கோடு விழுந்தால் புத்தகம் எழுதியவருக்கே திரும்பிப் போகும். ஒருத்தருடைய புத்தகம் மூன்று தரம் திரும்பினால் அதற்கு மேல் அவர் எழுத்தைக் கம்பெனி வாங்காது.

"ஏன் மேடம் முடிச்சு? மூடி வச்சா போதாதா?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"அவிழ்க்க நேரம் ஆகும். அந்த நேரத்துல ஞாபகம் வந்துட்டா, விதி நல்ல விதி" என்றார்.

தாளைக் கொண்டுபோய் நீட்டினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து அதன் மேல் வைப்பார். எத்தனை தரம் என்ற ஒரே கேள்விதான். கண்ணாடி மறுபடி மூக்குக்கு ஏறும் வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது. நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் என் மேசையில் படிக்கிறவள் தேவகி, மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை பார்ப்பவள். குரல் வெண்கலம். கூட ஆடுகிறவர்கள் இரண்டு பேர். கோவிந்தசாமி, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையை நடத்துகிறவருக்கு எங்கள் புத்தகத்தில் நடத்துனர் என்று பேர். அதனால் ஒவ்வொரு ஞாயிறும், "யோவ் ஏழுமல, நடத்துனர் லைசென்ஸ் எங்கிட்ட இருக்குது, சீட்டுல நீ உக்காந்துனு கீற" என்பார். இன்னொருவன் லூர்து, எலக்ட்ரீசியன். பேச மாட்டான். பகடையை மட்டும் உருட்டுவான்.

மலைக்கோட்டை விதி ஒன்றை நான் திருப்பியடித்த கதை கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். கவசம் போட்ட வீரன் ஒருவன் களைப்பே இல்லாமல் ஒரு சுற்றில், அதாவது பத்து நிமிஷத்தில், மலை உச்சிக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தார்கள். எழுதியவர் மலையைப் படத்தில் பார்த்தவர் போலிருக்கிறது. நான் இருபது கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை மலையில் ஏறினேன். வெயிலில். டூரிஸ்ட்டெல்லாம் நின்று போட்டோ எடுத்தது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது, "எத்தன தரம் உக்காந்தீங்க?" பதினோரு தரம். அந்தப் பதினொன்றை வைத்துத்தான் களைப்பு விதியையே மாற்றி எழுதினார்கள். விதி எழுதத் தோள் கொடுத்தவன் இந்தத் தேசத்தில் வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. அந்த விதியோடு ஆடியவர்கள், பாதி மலையில் எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள், கதை நகரவில்லை என்று எழுதிப் போட்டார்கள். நிஜத்தை எழுதினால் ஆட்டம் படுத்துக்கொள்கிறது. பொய்யை எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை. எதைப் பார்த்துத் தேறும் என்று சொல்வது? அப்போது பிடித்த குழப்பம் அது. விடவில்லை.

இப்போது அந்த சப்ளிமெண்ட்டுக்கு வருகிறேன்.

எழுதியவர் ஆரோக்கியமேரி. அனந்தபுரத்தில் மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் விதி எழுதி வைக்கிறவர். அவர் எழுதிய இரண்டு சப்ளிமெண்ட்டுகள் ஏற்கெனவே திரும்பியிருந்தன. இரண்டும் என் மேசையிலிருந்துதான். ஒன்றுக்குப் பன்னிரண்டு கோடு, ஒன்றுக்குப் பத்து. அந்தப் பத்தாவது கோட்டுக்காக என்னை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்டார். "ஒம்போதோட நிறுத்தியிருக்கக் கூடாதாண்ணே? இன்னா கொறஞ்சி பூடும்?" முடிச்சு அவிழ்ந்ததம்மா, நான் என்ன செய்ய என்றேன்.

மூன்றாவதாக வந்ததுதான் 'முற்றுகையில் ஏழு நாள்'. அட்டையில் மேடத்தின் கையால் 'மூன்றாவது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. இது திரும்பினால் ஆரோக்கியமேரி அதோடு சரி. அது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

ஆடிப்பார்க்க வரும் பிரதி தனித்தனித் தாளாக வரும். மற்ற ஊர்களில் கிளிப் போட்டுக்கொள்வார்கள். நான் அப்படி விடுவேனா? என் மேசைக்கு வந்தால் புத்தகம் புத்தகமாக இருக்க வேண்டும். மைதாக் காய்ச்சி, தாள்களை அடுக்கி, முதுகில் பசை தடவி, அட்டை போட்டு, மேலே கல் வைத்து ராத்திரி முழுக்க அழுத்தி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் கடையில் வாங்கினது தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம். தேவகி படித்தாள். கோட்டையை எதிரி சூழ்ந்திருக்கிறான். உதவிக்கு வரும் படை சேர ஏழு நாள் ஆகும். அதுவரை கதவு திறக்கக் கூடாது. இருபத்தோராம் பக்கத்தின் கடைசி வரி: கோட்டைக்குள் இருப்பவர்களில் ஒருவர் எதிரியின் ஆள். பக்கத்தைத் திருப்பினாள். தண்ணீர்ப் பங்கீடு என்று தலைப்பு. ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம். தண்ணீருக்குப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டோம். தினமும் ஆளுக்கு இரண்டு கொட்டை எடுத்தால் தெம்பு குறையாது. குறைத்து எடுத்தால் பகடை உருட்ட வேண்டும், விழாவிட்டால் தெம்பு போகும். ஏழு நாளைக்குச் சொம்பில் போதவில்லை. படித்து முடித்தாள். கட்டினேன். இரட்டை முடிச்சு.

எதிரியின் ஆள் யார்? எனக்குத் தெரியவில்லை.

நான் நினைத்தது, ஆடுகிறவர்களில் ஒருத்தர் தாமாகவே மனசுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, நடத்துகிறவனுக்கே அது தெரியக்கூடாது போலிருக்கிறது என்று. அவர்கள் நினைத்தது, நான் யாரோ ஒருத்தர் காதில் முன்பே சொல்லிவைத்திருக்கிறேன் என்று. மூன்று பேரும் மற்ற இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பார்வையை அந்த மேசையில் அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

முதல் நாள் தேவகி கதவுக்குக் காவல் நிற்கிறேன் என்றாள். "நீ தனியா நிக்க வாணாம், நானும் வரேன்" என்றார் கோவிந்தசாமி. "ஏன், எம்மேல சந்தேகமா?" "எல்லாரு மேலயும்தான். கண்டக்டரு புத்தி அப்பிடி. டிக்கெட் வாங்குனவன்கிட்டயும் டிக்கெட் கேப்பன்." இரண்டு பேரும் கதவுக்குப் போனதும், அப்போது சொம்புக்கு யார் காவல் என்று ஒரு சண்டை. லூர்து எழுந்து சொம்பைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தான். பிறகு மூன்று பேரும் கதவடியிலேயே படுத்தார்கள். கதையில்தான். ஆனால் மேசையிலும் நாற்காலிகள் நெருங்கி வந்துவிட்டன.

மூன்றாம் நாள் ஆட்டத்தில் எனக்கே சந்தேகம் தட்டியது. தேவகி படிக்கும்போது நான் கண் அசந்துவிட்டேனா? எதையாவது விட்டுவிட்டேனா? கை முடிச்சுக்குப் போனது. பின்னால் இழுத்துக்கொண்டேன். செஞ்சி மேசையில் முடிச்சை அவிழ்த்தது ஏழுமலை என்று இருக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கோடுகூட என் கையால் விழுந்ததில்லை. அன்றைக்கு நாலு தரம் கை போனது, நாலு தரமும் திரும்பியது. திரும்பிய கைக்குத் தாளில் கட்டம் இல்லை. இதை மேடத்திடம்கூட நான் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தரம் சொல்கிறேன்.

ஆறாம் நாள் சொம்பில் நாலு கொட்டை. கோவிந்தசாமிக்கும் தேவகிக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. ராத்திரி யார் எழுந்து கதவருகே போனது என்று. உரக்கடைக்காரர் கீழேயிருந்து, "இன்னாண்ணே, கொலையா வுழுது மேல?" என்று கத்தினார்.

அப்போது லூர்து சொன்னான்: "நாந்தான் அந்த ஆளு. சண்ட போடாதீங்க. எம்பங்கு தண்ணிய நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கோங்க. என்னக் கட்டிப் போட்டுருங்க."

தேவகி அவனைத் திரும்பிப் பார்த்து, "பொய் சொல்றாண்ணே. அவன் இல்ல. நாந்தான்" என்றாள்.

கோவிந்தசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் யாரு?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார் என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் சேர்த்து வைத்திருந்த மூன்று கொட்டைகளைத் திரும்பச் சொம்பில் போட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று பதுக்கியிருக்கிறார். அதைப் பார்த்துத் தேவகியும் தன் மடியிலிருந்து இரண்டை எடுத்துப் போட்டாள்.

ஏழாம் நாள் முடிந்தது. கதவு திறக்கவில்லை. மூன்று பேரும் பிழைத்தார்கள். மணி நாலு. மேசை நடுவில் முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"யாருண்ணே அந்த ஆளு?" என்றாள் தேவகி.

"அத வெளிய சொல்லக் கூடாது" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். சைபர் என்பது அந்தக் கம்பெனியில் அதற்கு முன் யாரும் எழுதாத எண். மேடம் கண்ணாடியை மடித்து வைத்தார்.

"எத்தன தரம்?"

"ஒரு தரமும் இல்ல மேடம்."

கண்ணாடி வெகுநேரம் தாளின் மேலேயே கிடந்தது. "எதிரியோட ஆளு யாரு?" என்றார். அவர் இரண்டாவது கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தெரியல மேடம்."

"நடத்துனது நீங்கதானே?"

"நான்தான்."

ஆரோக்கியமேரியை வரவழைத்தார். மெடிக்கல் ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தார். சைபர் என்று கேட்டதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் ஆசையாகக் கேட்டார். "சீட்டு யாருக்கு வுழுந்துது?"

"எந்தச் சீட்டு?"

அவர் முகம் மாறியது. என் பிரதியை வாங்கிப் புரட்டினார். இருபத்தொன்று, திருப்பினால் இருபத்துநாலு. தாளை விரலால் தேய்த்தார். தடிப்பாக இருந்தது. மேடம் ஸ்டீல் ஸ்கேலை நீட்டினார். ஆரோக்கியமேரி அதை ஓரத்தில் விட்டு மெல்ல இழுத்தார். இரண்டு தாள்கள் பிரிந்தன. உள்ளே இருபத்திரண்டும் இருபத்துமூன்றும், மைதா வாசனையோடு. எதிரியின் ஆளை யாருக்கும் தெரியாமல் சீட்டுப் போட்டு எடுப்பது எப்படி, அவர் என்னென்ன செய்யலாம், மற்றவர்கள் அவரைக் கண்டுபிடிப்பது எப்படி, எல்லாம் அங்கே இருந்தது.

ஒட்டினது என் பசை. இருபது வருஷத்தில் ஒரு பெட்டி திரும்பாத கை.

"இந்த ரெண்டு பக்கத்துக்கு எனக்கு ஒரு வருசம் ஆச்சிண்ணே" என்றார் ஆரோக்கியமேரி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரே மேசையில் ஒரு புத்தகத்தை இரண்டு தரம் பார்க்கக் கூடாது. திண்டிவனத்து மேசைக்கு அனுப்பினார்கள், எல்லாப் பக்கங்களோடும். பதினான்கு கோடு. ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துபோனது. காரணம் கேட்டால் சின்னது. சீட்டு விழுந்தவருக்குத் தான் என்னென்ன செய்யலாம் என்பது ஞாபகம் நிற்கவில்லை. அவரே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். யார் அவிழ்க்கிறாரோ அவர்தான் எதிரியின் ஆள் என்று இரண்டாம் நாளே மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

திண்டிவனத்துக் கோட்டுத் தாள் வந்த அன்று மேடம் அதையும் என் தாளையும் அருகருகே வைத்தார். கண்ணாடியை இரண்டுக்கும் நடுவில் வைத்தார். ஆரோக்கியமேரியும் அங்கேதான் இருந்தார்.

"புத்தகம் ஒண்ணு, தாள் ரெண்டு. ஏழுமலை, நீங்க நடத்துனது இந்தப் புத்தகமா?"

ஆமாம் என்றால் ஆரோக்கியமேரி பிழைப்பார். இல்லை என்றால் அவருக்கு மூன்றாவது. ஆமாம் என்பது பொய்யா? தேவகி படித்தாள், நான் கட்டினேன், ஆடினோம். இல்லை என்பது நிஜமா? அந்த மூன்று பேர் சொம்பில் கொட்டையைத் திரும்பப் போட்டதை என் கண்ணால் பார்த்தேனே. எந்தப் புத்தகம் அதைச் செய்தது?

"நான் நடத்துனது ஒட்டுன புத்தகம் மேடம்" என்றேன். "ஒட்டாத புத்தகம் வேற. ஒட்டுனதுக்கு சைபர்."

"பசையையும் விதியில சேக்கச் சொல்றீங்க."

"நான் சொல்லல. அந்த மேசை சொல்லுது."

ஆரோக்கியமேரி எழுந்துவிட்டார். "என் தப்பு ரெண்டு பக்கம். அத உங்க தப்பு மூடிட்டுது. இதுக்கு எனக்குப் பேரா? வாணாம் மேடம். திருப்பிக் குடுங்க."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "திருப்பிக் குடுக்க ஒரு வாரம் இருக்குது. அதுக்குள்ள செஞ்சிக்குப் போயி அந்த மூணு பேரப் பாருங்க. எழுதினவங்கன்னு சொல்லாதீங்க. ஒட்டுன பக்கத்துல இன்னா இருந்துதுன்னும் சொல்லாதீங்க. கேளுங்க, போதும்."

அடுத்த ஞாயிறு உரக்கடை மாடிக்கு வந்தார். கம்பெனி ஆள் என்று சொல்லி உட்கார வைத்தேன். மூன்று பேரும் நடந்ததைச் சொன்னார்கள். மூன்று விதமாகச் சொன்னார்கள். தேவகிதான் அந்த ஆள் என்று முதல் நாளே தெரியும் என்றார் கோவிந்தசாமி. "பொம்பளைங்க காவலுக்குப் போறன்னு சொன்னா அதுல ஏதோ இருக்குது." தேவகி, "தண்ணிய பதுக்குன ஆளு பேசறாரு பாரு" என்றாள். அவள் கணக்கில் கோவிந்தசாமிதான் அந்த ஆள். ஆரோக்கியமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லூர்து பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏன் தம்பி நாந்தான்னு சொன்னீங்க?"

லூர்து பகடையை உருட்டிக்கொண்டே யோசித்தான். "தெரியலக்கா. ரெண்டு பேரும் கத்தினு இருந்தாங்க. தண்ணி கொஞ்சமா இருந்துது. யாராவது ஒருத்தர் அந்த ஆளா இருந்துட்டா மத்தவங்க தூங்குவாங்கன்னு தோணுச்சி."

ஆரோக்கியமேரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அனந்தபுரம் வண்டி வந்து நின்றது. படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒட்டிடுங்கண்ணே. ஆனா பிரிக்க வரா மாதிரி ஒட்டுங்க. முழுசா மறைச்சா அது பொய்யாப் பூடும்."

அப்படித்தான் அச்சாகி வந்தது. முதல் பதிப்பு முழுவதையும் நானே ஒட்டினேன். ஓரத்தில் நூல் கனத்துக்கு ஒரு கோடு பசை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். என் வாழ்நாளில் அத்தனை நுணுக்கமாக நான் பசை தடவியதில்லை. கம்பெனிக்கு என்ன கடிதம் வந்தது தெரியுமா? பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பைண்டிங் மோசம், ஒட்டினவனை மாற்றுங்கள் என்று.

பிரித்து ஆடினவர்கள் சிலர், நன்றாக இல்லை என்று எழுதினார்கள். பிரிக்காமல் ஆடினவர்கள் சிலர், நன்றாக இருந்தது, ஆனால் ஒன்றும் புரியவில்லை என்று எழுதினார்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு கூட்டம் எழுதியது: எங்கள் மேசையில் அந்தப் பக்கத்தை முதலில் பிரிக்க ஆசைப்படுகிறவர்தான் எதிரியின் ஆள் என்று வைத்துக்கொண்டோம். மேடம் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டிவிட்டுக் கண்ணாடியை மடித்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். ஆரோக்கியமேரி அதற்குப் பிறகு நாலு சப்ளிமெண்ட் எழுதினார். நாலும் பசை இல்லாமலே தேறின. அப்படியென்றால் அன்றைக்கு நான் செய்தது சரிதானே? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லி முடித்ததும் முடிச்சுக்குப் போய்த் திரும்பின கை ஞாபகம் வருகிறது. அந்த சைபர் நிஜ சைபரா? அந்த நாலு தரத்தில் ஒரு தரம் அவிழ்த்திருந்தால் கோடு விழுந்திருக்கும், பக்க எண் தாவியிருப்பதைப் பார்த்திருப்பேன். லூர்து நாந்தான் என்று சொல்லியிருக்க மாட்டான்.

போன் செய்த பிள்ளைக்கு என் பதில்: புத்தகத்தை எடுத்து இருபத்தோராம் பக்கத்து ஓரத்தைத் தடவிப் பார். நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றின பிரதியை யாரும் பிரிக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு விரல் கிடையாது. எனக்கு உண்டு.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மேடம் சொன்னபடி, ஒட்டிக்கொண்ட பக்கத்தில் என்ன இருந்தது என்று மேசைக்காரர்களுக்குச் சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கோவிந்தசாமி, "யோவ், சாவறதுக்குள்ள சொல்லிட்டுப் போய்யா, யாரு அந்த ஆளு?" என்பார். தேவகி கேட்கும்போது கண்ணைச் சுருக்குவாள். அத சொல்லக் கூடாது என்பேன், தெரிந்தவன் மாதிரி. லூர்து மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

இந்த இதழ் அச்சாகிச் செஞ்சிக்கு வந்தால் நான் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார மாட்டேன். தேவகிதான் படிப்பாள், உரக்கடை மாடியில், சத்தமாக, ஒரே தரம். மற்ற இரண்டு பேரும் எதிரில் இருப்பார்கள். எதிரியின் ஆள் என்று அன்றைக்கு ஒருத்தரும் இல்லை என்பது அவள் வாயால்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டில் மைதா இருக்கிறது. மயில்துத்தமும் கொஞ்சம் இருக்கிறது. இதழ் கைக்கு வந்ததும் இந்தப் பக்கங்களின் ஓரத்தில் ஒரு கோடு தடவித்தான் அவளிடம் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.